ஜவ்பருக்கென்று வைத்திருந்த வேலை

சாகப்போகிறோம் என்று நம்பியிருந்த மாதங்கள்தான் தன் வாழ்நாளிலேயே அழகான மாதங்கள் என்பதை ஜவ்பர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி ஜெமீலாவின் மனம் நோகும். அதோடு, அதை எந்தச் சொற்களால் சொல்வதென்றும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் திருகோணமலைத் துறைமுகத்தில் டக் ஓட்டியவர். மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் பெரிய கப்பல்களைத் தன் சின்ன இழுவைப் படகால் முட்டியும் இழுத்தும் துறைமேடையருகே கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. கூட வேலை செய்தவர்கள் அவரைக் கப்டன் என்பார்கள், ஊரில் இளையவர்கள் அண்ணன் முறை சொல்லிக் காக்கா என்பார்கள். ஜமாலியாவில் வீடு. ஒரே மகள் றுஷ்தாவைக் கிண்ணியாவில் கட்டிக் கொடுத்திருந்தார். ஓய்வுபெறச் சில வருடங்களே இருந்தபோது கண் மஞ்சளானது. செங்கமாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்தார். மஞ்சள் கூடியது. கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, கணையத்தில் கட்டி, வெட்டி எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறது என்றார்கள். மஞ்சள் இறங்க உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். பசி எடுப்பதற்குக் குளிசை தந்தார்கள். "வீட்டில வச்சுச் சந்தோஷமாப் பாத்துக்கொள்ளுங்க" என்று டொக்டர் ஜெமீலாவிடம் சொன்னார். அதன் அர்த்தம் இரண்டு பேருக்கும் விளங்கியது.

ஜவ்பர் வேலையை விட்டார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு அதில் படுத்துக்கொண்டார். முதல் வாரம் பயம். பிறகு ஒரு காலையில் பயம் எங்கோ எழுந்து போய்விட்டிருந்தது. அது இருந்த இடத்தில் வெளிச்சம் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியில் வெயில் பட்டு, அதன் அசைவு கூரையின் அடிப்பக்கத்தில் மெல்ல ஆடுவதை நண்பகல் லுஹர் தொழுகை நேரம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவால் மான்கள் வரும். ஊர் மான்கள்தான், சந்தைக் குப்பையில் வாழைத்தோல் தின்று வளர்ந்தவை. அவை மதிலருகே நின்று அவரைப் பார்க்கும்போது, இவ்வளவு காலமும் இவற்றின் கண்களுக்கு இமைமயிர் உண்டென்று தெரியாமலே இருந்திருக்கிறேனே என்று நினைப்பார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அழகாய் இருந்தார்கள். இருபது வருடமாகக் கதைக்காத தம்பி வந்து காலடியில் இருந்து அழுதபோது, எதற்காகக் கதைக்காமல் விட்டோம் என்பதே நினைவுக்கு வரவில்லை.

ஜெமீலாவையும் அப்போதுதான் பார்த்தார். குசினியில் வெங்காயம் உரிக்கும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். மருந்து எடுத்துவர யாரையும் கெஞ்ச விருப்பமில்லாமல், றுஷ்தாவின் ஸ்கூட்டியை வாங்கி ஓட்டப் பழகினாள். முந்தி அவள் கேட்டபோதெல்லாம், இந்த வயதில் எதற்கு என்று மறுத்தவர் அவர்தான். முழங்கை உரசிப்போய் அவள் படலையைத் திறந்து வருவதைக் கதிரையில் படுத்தபடி பார்த்து, "இஞ்ச வா, காட்டு" என்று அந்தக் காயத்தில் ஊதிவிட்டார்.

ஆனால் அவர் சாகவில்லை. மாதங்கள் போயின. பசி வந்தது, உடம்பு தேறியது. றுஷ்தாவின் வற்புறுத்தலில் கொழும்பில் வேறொரு டொக்டரிடம் போய்ப் புதிதாகப் படம் எடுத்தார்கள். அந்த டொக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"உங்களுக்குப் புற்று இருக்கவே இல்லை" என்றார். "இது ஒரு வகை வீக்கம். அபூர்வமா வரும், பாக்கக் கட்டி மாதிரியே இருக்கும். பசிக்கு எண்டு தந்த குளிசைதான் அதை வத்த வச்சிருக்கு. நீங்க இன்னும் கன காலம் இருப்பீங்க."

ஜெமீலா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். ஜவ்பர் டொக்டருக்கு நன்றி சொன்னார், அல்லாஹ்வைப் புகழ்ந்தார். திரும்பி வரும்போது அவர்களின் வாடகை வான் கந்தளாய்க் குளத்தைக் கடந்தது. போகும்போது அந்தக் குளத்தின் மேல் ஒரு கொக்குக் கூட்டம் திரும்பியதைப் பார்த்து அவருக்கு மூச்சு நின்றிருந்தது. இப்போது கொக்குகள் இருந்தன, குளமும் இருந்தது. வெறும் குளம்.

வீட்டுக்கு ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். ஜெமீலாவின் தம்பி பாயிஸ் ஒரு பெட்டி ஆப்பிளோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அல்லாஹ் சும்மா திருப்பித் தர மாட்டான், மச்சான். உங்களுக்கெண்டு ஒரு வேலை வச்சிருக்கான். அது முடியாமக் கூப்பிட மாட்டான்."

வந்தவர்களில் அரைவாசிப் பேர் இதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. ஜவ்பருக்கோ அது உள்ளே போய் நங்கூரம் போல விழுந்துவிட்டது. அப்படியென்றால் எங்கோ ஒரு வேலை இருக்கிறது. அது என்ன என்று தெரிந்தால் அந்த வெளிச்சமும் திரும்பி வந்துவிடும். காலம் கொடுத்தவன் காரணத்தையும் எங்காவது வைத்திருக்கத்தானே வேண்டும்?

அவர் தேடத் தொடங்கினார். விபத்து என்று கேள்விப்பட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருடைய ஜனாஸாவையும் சுமக்கத் தோள் கொடுத்தார். பள்ளிவாசல்காரர்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு கிணறு வெட்டிக் கொடுக்கப் போனபோது அவரும் போய் மண் சுமந்தார். தண்ணீர் ஊறியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும், நான் வராவிட்டாலும் இது ஊறியிருக்கும் என்று நினைத்தார். மகளைப் பார்க்கக் கிண்ணியாவுக்குப் போன ஒரு நாள், பாலத்தில் ஒரு இளைஞன் கம்பிக்கு மேலால் மிகவும் குனிந்து நிற்பதைக் கண்டு நெஞ்சு அடிக்க அவனருகே போனார்.

"தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையா? என்னோட கதைக்கலாம்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "தூண்டில் சிக்கிட்டு, காக்கா. கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிக்கிறீங்களா?"

பிடித்தார். தூண்டில் அறுந்தது.

வீட்டில் அவர் எதையும் கவனிக்கவில்லை. வைத்த சோற்றைச் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார், காதை எப்போதும் தெருப் பக்கம் வைத்திருந்தார். ஒரு பின்னேரம் ஜெமீலா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நான் ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"மவுத்தாகப் போறீங்க எண்டு இருக்கக்குள்ள என்னைப் பாத்தீங்க. இப்ப என்னைப் பாக்கிறல்ல. தெருவால போற சனத்தைப் பாக்கிறீங்க, ஆர் விழுவாங்க எண்டு."

ஜவ்பர் பார்வையைத் தெருவிலிருந்து எடுத்தார். அவள் எதிர்க் கதிரையில் இருந்தாள்.

"இன்னுமொண்டும் இருக்கு. நீங்க இல்லாத வீட்டை நான் மனசுக்குள்ள கட்டி முடிச்சிட்டன். கட்டாம என்ன செய்ய? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினன். முன்னறையில அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் குடுக்கிறன். வளவில மாதுளை நட்டிருக்கன். காலம எழும்பி ஒரு தேத்தண்ணி ஊத்தி, தனிய இருந்து குடிக்கிறன்."

"அந்த வீட்டில சந்தோஷமா இருந்தியா?"

ஜெமீலா யோசித்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"சில நேரம்" என்றாள். "இப்ப அதை இடிச்சுக்கொண்டிருக்கன். கட்டினதை விட இடிக்கிறது கஷ்டமா இருக்கு. நீங்களும் வீட்டில இல்லை."

அன்று அவர் சாப்பிடவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. தான் இல்லாத ஒரு வீட்டின் வாசலில் நிற்பது போல இருந்தது. உள்ளே யாரோ அமைதியாகத் தேநீர் குடிக்கிறார்கள். கதவைத் தட்டத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அடுத்த நாளிலிருந்து அவர் மூதூர்ப் படகில் போகத் தொடங்கினார். பாலங்கள் வந்த பிறகு அந்தப் படகுக்குச் சனம் குறைவு. என்றாலும் கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்துபோவது சிலருக்கு இன்னும் வசதி. தனக்குத் தெரிந்தது கடல்தான், தன் வேலையும் கடலில்தான் இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். காலையில் போய், அக்கரையில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வருவார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், "சும்மா ஒரு அலுவலா" என்பார்.

மாரி முடிகிற தையில் ஒரு காலை. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. குடாவின் மேல் மூடுபனி. படகை ஓட்டுகிற முஹம்மது தம்பி வழக்கம்போல வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு புறப்பட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மகளின் கலியாணத்துக்கென்று ஒரு அலுமாரிக் கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் நிறுத்திப் பிடித்திருந்தார். பக்கத்தில் பாலையூற்றிலிருந்து மூதூர்ப் பாடசாலை ஒன்றுக்குப் படிப்பிக்கப் போகும் அன்னலட்சுமி டீச்சர். நாளும் காண்பதால் ஜவ்பருக்கு அவரைத் தெரியும். குடாவின் நடுப்பகுதியில் இயந்திரம் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றது.

ஜவ்பர் எழுந்துவிட்டார். முழு உடம்பும் விழித்துக்கொண்டது. இதுதான் என்று நினைத்தார்.

"நான் பாக்கிறன். நான் டக் ஓட்டினவன்" என்று பின்பக்கம் போனார்.

முஹம்மது தம்பி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "எண்ணெய் போற குழாய் வெடிச்சிட்டு, காக்கா. இஞ்ச வச்சு ஒண்டும் செய்ய ஏலாது. என்ட தம்பிக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிட்டன், மற்றப் படகைக் கொண்டு வாறான். கொஞ்சம் இருங்க."

ஜவ்பர் உட்காரவில்லை. உயிர்காப்பு அங்கிகளைப் பார்த்தார், எல்லோருக்கும் இருந்தன. படகின் அடியில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. நீரோட்டத்தைப் பார்த்தார். படகு மிக மெல்ல, ஒரு பக்கமும் போகாமல், ஒரு தூக்கம் போலச் சுழன்றுகொண்டிருந்தது. காற்று எழும்பினால் என்ன செய்வது, யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது, யாரை முதலில் பிடிப்பது என்று மனம் ஓடியது. காற்று எழும்பவில்லை. ஒருவரும் மயங்கவில்லை. ஒரு கிழவர் குறட்டை விட்டார்.

"ஐயா, இருங்கோ. நீங்கள் எழும்ப எழும்பப் படகு ஆடுது" என்றார் டீச்சர்.

அவர் உட்கார்ந்தார். மூடுபனி இறங்கி வந்து திருகோணமலையை மூடியது, பிறகு மூதூரை மூடியது. கரை என்று ஒன்றும் இல்லாமல் போனது. நீரும் வானமும் ஒரே பால் நிறம்.

"ஒவ்வொரு நாளும் வாறியள், அக்கரையில இறங்கி உடன திரும்புறியள்" என்றார் டீச்சர். "என்ன அலுவல் எண்டு கேக்கலாமோ?"

அதிகம் பழகாத ஒருவரிடம் சொல்வது லேசாக இருந்தது. கட்டி என்றது, கட்டி இல்லை என்றது, வேலை வைத்திருக்கிறான் என்று எல்லோரும் சொன்னது, தான் தேடித் திரிவது, எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப இண்டைக்கு இந்தப் படகு கவிழ்ந்தால் நல்லம் எண்டு நினைச்சியளோ?"

ஜவ்பருக்கு முகம் சூடானது. ஒரு கணம், ஒரு கணம்தான், அப்படித்தான் நினைத்திருந்தார். தன் வாழ்க்கைக்கு ஒரு அர்த்தம் வேண்டுமென்று இந்தச் சனங்கள் தண்ணீரில் விழ வேண்டும் என்று. கிழவரைப் பார்த்தார், கண்ணாடிக்காரரைப் பார்த்தார். வெட்கத்தில் தலை குனிந்தது.

"ஓம், டீச்சர்" என்றார்.

டீச்சர் கோபிக்கவில்லை. "எனக்கு இண்டைக்கு முதலாம் பாடம் போச்சு" என்று சொல்லிப் பையைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்து இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைத் தந்தார். தேங்காய்ப்பூ ரொட்டி, பச்சை மிளகாய் போட்டது. ஜவ்பர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

துறைமுகத்துக்குள் வேலை செய்த காலமெல்லாம், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எந்தத் திசை என்று சொல்லிவிடுவார். எந்தக் கப்பலை எங்கே கொண்டுபோய் விட வேண்டும் என்று யாரோ சொல்வார்கள், அவர் கொண்டுபோய் விடுவார். இப்போது திசை தெரியவில்லை. இந்தக் குடாவின் அடியில் பெரும் பள்ளம் ஒன்று இருக்கிறது, ஆழம் போய்க்கொண்டே இருக்கும் என்பார்கள். அதற்கு மேல் ஒரு மரப்படகு, சில மனிதர்கள். ஒருவரும் இவர்களை எங்கும் அனுப்பவில்லை. ஒருவேளை தன்னிடமும் ஒரு வேலையும் தரப்படவில்லையோ? கதவைத் திறந்து, போய் இரு என்று மட்டும் விடப்பட்டிருக்கிறதோ? அந்த எண்ணம் வந்ததும் படகு காலின் கீழே இல்லாதது போல ஒரு கணம் தலை சுற்றியது. பலகையை இறுகப் பிடித்தார். பிறகு அது நின்றது. விழவில்லை. விழுவதற்கு ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்காரர் கை உளைந்து சாக்கைக் கொஞ்சம் தளர்த்தினார். சாக்கு நழுவியது. கண்ணாடிக்குள் மூடுபனி இருந்தது. அதற்குள் டீச்சரின் ஈரத் தலைமயிர், குறட்டை விடும் கிழவரின் திறந்த வாய், ஒரு பாதி ரொட்டியோடு தன் கை. ஒரு வெள்ளைக் கடற்பறவை அதற்குள்ளால் மெல்லக் கடந்து போய், பிறகு வெளியே அவர்களின் தலைக்கு மேலாலும் போனது. ஜவ்பர் ரொட்டியைக் கடித்தார். பச்சை மிளகாய் உறைத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. எல்லாம் வெளிச்சமாய் இருந்தது. ஒருவரும் சாகவில்லை, அவரும் சாகப்போவதில்லை, ஆனாலும் வெளிச்சமாய் இருந்தது.

அது நீடிக்கவில்லை. பனிக்குள் ஒரு இயந்திரச் சத்தம் கேட்டது, மற்றப் படகு வந்து கயிறு எறிந்தது. முஹம்மது தம்பி தானே பிடித்துக் கட்டினார். ஜவ்பரிடம் யாரும் உதவி கேட்கவில்லை. அது அவரை வருத்தவும் இல்லை.

மூதூரில் இறங்கியதும் ஜெமீலாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"என்ன, சுகமில்லையா?" என்று பதறினாள்.

"சுகமா இருக்கன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மூதூருக்கு வாறியா?"

"அவ்வளவு தூரம் நான் ஓடினதில்லை."

"தெரியும். வர விருப்பமா எண்டுதான் கேக்கிறன்."

"எதுக்கு?"

"ஒண்டுக்குமில்லை."

வெயில் ஏறி, பனி முழுவதும் கலைந்த பிறகு அவள் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் முழுக்கத் தூசி, கண்களில் ஒரு மினுக்கம். இறங்குதுறைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தார்கள். ஜவ்பர் அவளைப் பார்த்தார். அவள் புருவத்தில் ஒரு நரை ஓடியிருந்தது. அது எப்போது வந்ததென்று அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கெண்டு ஒரு வேலையும் இல்லை, ஜெமீலா" என்றார். "இல்லாட்டி இருக்கு, எனக்குத் தெரியாது. நான் இனித் தேடல்ல."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"அது இனி நான் யோசிக்கிற விஷயம். முதல்ல உன்னட்ட ஒண்டு கேக்க வேணும். அந்த வீட்டை இடிக்காத."

அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டாள்.

"மனசுக்குள்ள நீ கட்டினது. நல்ல வீடு அது. அதில எனக்கு ஒரு இடம் தருவியா? நான் முந்தின ஆளா வரல்ல. புதுசா வந்து கேக்கிறன்."

ஜெமீலா நெடுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. இல்லை என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு என்பது அவருக்கு அந்தக் கணத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதனால் காத்திருப்பது பயமாகவும் இருந்தது.

"முன்னறை தர ஏலாது" என்றாள் கடைசியில். "அது பிள்ளைகளுக்கு. காலமத் தேத்தண்ணியும் நான் தனியத்தான் குடிப்பன்."

"சரி."

"மற்றது பாப்பம்."

திரும்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இந்த வீதி இன்னும் எங்கே போகிறது என்று கேட்டாள். வெருகலுக்கு என்றார். பின்னேரம் கிண்ணியாவில் மகள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் ஸ்கூட்டியை ஓட்ட, அவர் பின்னால் இருந்தார். வயல்கள் கதிர் வைத்து நின்றன. ஈச்சிலம்பற்றுக்கு அப்பால் வீதி வெறிச்சோடிக் கிடந்தது. ஜெமீலா வேகத்தைக் கூட்டினாள், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வெருகலில் ஆறு மழைத்தண்ணீரோடு மண்ணிறமாய் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் முருகன் கோவில் மணி கேட்டது. மர நிழலில் ஒரு பெண் பானையில் சோளன் அவித்து விற்றுக்கொண்டிருந்தாள்.

"எந்த ஊருக்குப் பயணம், அக்கா?" என்று கேட்டாள்.

"இந்த ஊருக்குத்தான். ஆத்தைப் பாக்க வந்தம்" என்றாள் ஜெமீலா.

"ஆத்தில பாக்க என்ன கிடக்கு, மழைத்தண்ணி."

ஜெமீலா சிரித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைச்சரிவில் இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டதும் நின்று, குளிருது என்றாள். ஜவ்பர் சூடான சோளனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி ஊதினார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேறு வழுக்கியதால் மிக மெதுவாக, அவள் நின்ற இடத்துக்கு இறங்கிப் போனார்.